வேர்கள் வீட்டைப் பார்த்திருந்தன

காலையில் எழுந்ததும் அடுப்பில் தண்ணீர் வைப்பேன். அது கொதிப்பதற்குள் பல் தேய்த்துவிடுவேன். ரப்பர் பூட்ஸைத் தலைகீழாகத் தட்டி, உள்ளே எதுவும் குடியேறவில்லை என்று பார்த்து மாட்டிக்கொண்டு குளத்துக்குப் போவேன். கரையில் ஒரு கல்லில் நீலப் பெயின்ட் கோடு இருக்கும். தண்ணீர் அதற்குக் கீழே இறங்கியிருந்தால், முந்தின நாளே பிடித்துத் திறந்து வைத்த டிரம் தண்ணீரை மெதுவாக விடுவேன். குழாய்த் தண்ணீரை நேராக விடக் கூடாது. மருந்து வாசனை போன பிறகுதான் விட வேண்டும். மிதக்கும் இலைகளைக் காம்பு வைத்த வலையால் எடுப்பேன். உதறுவதற்கு முன் வலையில் ஏதாவது துடிக்கிறதா என்று பார்ப்பேன். துடித்தால் திரும்பத் தண்ணீரில் விடுவேன். வந்து டீ போட்டுக் குடித்துவிட்டு வேலைக்கு உட்காருவேன்.

வேலை வீட்டிலேயேதான். மருந்துக் கம்பெனிகளுக்கு லேபிள் சரிபார்ப்பது. ஒரு புள்ளி இடம் மாறினால் குழந்தைக்குக் கொடுக்கும் மருந்து பத்து மடங்காகிவிடும். அதனால் எதையும் இரண்டு முறை பார்ப்பது என் பழக்கம்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், படித்து முடித்ததும் நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன், தனியாகக் கிடந்தவன், மூளை குழம்பியிருக்கும் என்பீர்கள். நான் குடிப்பதில்லை. தூக்க மாத்திரை போடுவதில்லை. நடந்தபோது விழித்திருந்தேன், நின்றுகொண்டிருந்தேன். நான் மட்டும் கேட்டிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன். இன்னொருவரும் கேட்டார்.

குளம் என் மனைவியுடையது. ஊரை விட்டுத் தள்ளி, தோட்டத்தோடு சின்ன வீடு வாங்கியபோது அவள் கேட்டது அது ஒன்றைத்தான். பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு கட்டிலைச் சேர்த்துப் போட்டால் எவ்வளவு இடமோ அதைப் போல நாலைந்து மடங்கு. அடியில் தடித்த தார்ப்பாய். ஒரு பக்கக் கரையைச் சரிவாக்கிக் கல் அடுக்கியிருந்தாள், தவறி விழுகிற அணிலோ ஓணானோ ஏறி வந்துவிட வேண்டும் என்று. மீன் விட மாட்டாள். மீன் விட்டால் தலைப்பிரட்டையைத் தின்றுவிடும், தட்டாம்பூச்சிக் குஞ்சைத் தின்றுவிடும். வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள். மீன் இல்லாமல் எதற்குக் குளம்? "மீனைத் தவிர மத்த எல்லாருக்கும்" என்பாள்.

பாசிக்கொடி மண்டிவிட்டால் இரும்பு வாரியால் இழுத்து எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுக்கக் கூடாது. எடுத்ததை உடனே குப்பைக்குழியில் போடவும் கூடாது. ஓர் இரவு கரையிலேயே கிடக்க வேண்டும். கொடிக்குள் ஆயிரம் உயிர் இருக்கும். நத்தை, தட்டாம்பூச்சிக் குஞ்சு, பெயர் தெரியாத பூச்சிகள். அவை ஈரத்தை மோப்பம் பிடித்துத் தண்ணீருக்கே திரும்பிப் போய்விடும். அவள் கொடியைக் குவிக்க மாட்டாள். ஒவ்வொன்றாகப் பிரித்து, வேர்ப்பக்கம் தண்ணீரைப் பார்த்திருக்கும்படி, தலை வாரிவிட்ட மாதிரி நீளமாக விரித்து வைப்பாள்.

"கரைக்குக் கிட்டயே வைங்க. பாவம், நடக்கத் தெரியாததுங்க."

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். ஒரு வாரம்கூட ஆகவில்லை.

மகளுக்கு நாலு வயது. குட்டி என்றுதான் கூப்பிடுவோம். என் மனைவியின் தங்கை அவளைத் தன்னோடு டவுனுக்கு அழைத்துப் போனாள். அந்தத் தங்கைக்கு வீட்டில் சின்னவள் என்று பெயர். பல் டாக்டர். நான் கொஞ்சம் தேறும் வரைதான் என்று ஏற்பாடு. ஆனால் மழைக்காலம் தொடங்கியதும் போன் வந்தது.

"மாமா, ஸ்கூல்ல சேர்க்கணும். இங்கயா, அங்கயா?"

"இங்கதான். நான் வந்து கூட்டிட்டு வரேன்."

"அப்ப குளத்தை மூடுங்க."

போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

"நீங்க லேபிள் பார்க்க உட்கார்ந்தா வீடே பத்தி எரிஞ்சாலும் தெரியாது. அவ ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டா. அக்கா இருந்தா வேற. இப்ப யார் பார்த்துக்குவா?"

"வேலி போடுறேன்."

"வேலியா? என் கிளினிக் கேட்டைத் தாண்டிக் குதிச்சிட்டா மாமா, உங்க பொண்ணு. மாசக் கடைசி வரைக்கும் டைம். அதுக்குள்ள மூடலைன்னா நான் இங்கயே சேர்த்துடுவேன். அப்புறம் லீவுக்கு லீவு வந்து பார்த்துக்குங்க."

குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள்.

"ஆடுற பல்லை நாக்கால தடவிக்கிட்டே இருக்கிற மாதிரி இருக்கு, நீங்க பண்றது. புடுங்கிட்டா ரெண்டு நாள்தான் வலிக்கும்."

அன்று சாயங்காலம், மூடப்போகிற குளம்தானே என்று விடாமல், வாரியை எடுத்துக்கொண்டு போனேன். சரிவுப் பக்கம் கொடி மண்டியிருந்தது. இழுத்துக் கரையில் குவித்தேன். விரிக்கத் தோன்றவில்லை. கை கழுவிவிட்டு வந்துவிட்டேன்.

காலையில் கொடி விரித்திருந்தது.

குவியலைக் காணவில்லை. ஒவ்வொரு கொடியாகப் பிரித்து, சிக்கெடுத்து, பக்கத்தில் பக்கத்தில் நீளமாக வைத்திருந்தது. நாய் இழுத்தால் அப்படி இருக்காது. கீரிப்பிள்ளை கிளறினால் அப்படி இருக்காது. எனக்குத் தெரிந்து உலகத்தில் ஒரே ஒருத்தி அப்படி வைப்பாள்.

வழக்கம் போல இரண்டாவது முறை பார்த்தேன்.

வேர்கள் தண்ணீரைப் பார்க்கவில்லை. வீட்டைப் பார்த்திருந்தன.

கொடி முடிந்த இடத்திலிருந்து பின்வாசல் வரை மண்ணில் சின்னச் சின்னப் புள்ளிகள். குனிந்து பார்த்தேன். நத்தைகள். தட்டாம்பூச்சிக் குஞ்சுகள். எல்லாம் வீட்டை நோக்கி நடந்து வந்து, வழியிலேயே காய்ந்து செத்திருந்தன. கடைசியாக ஒன்று பின்வாசல் படி மேல் ஏறியிருந்தது.

அவள் இப்படிச் செய்ய மாட்டாளே என்று ஒரு நொடி தோன்றியது. ஆனால் அதற்கு அடுத்த நொடி, அவள்தான் என்று தோன்றியது. அதைச் சந்தோஷம் என்று சொல்ல முடியாது. பல மாதமாக எதுவுமே இல்லாத இடத்தில் ஏதோ ஒன்று. அது வந்ததும் முதலில் தோன்றியதை நான் மறந்துவிட்டேன்.

படியைக் கூட்டிவிட்டு, டீ போட்டுக் குடித்துவிட்டு, வேலைக்கு உட்கார்ந்தேன்.

குளத்தை மூட நான் சொல்லி வைத்திருந்த பொக்லைன் ஓட்டுகிறவர் மத்தியானம் இடத்தைப் பார்க்க வந்தார். நல்ல உருவம். சிரித்தால் வயிறும் சேர்ந்து சிரிக்கும். குளத்தைச் சுற்றி ஒரு நடை வந்தார்.

"இதுக்குப் போய் வண்டி எதுக்கு சார்? நான் உள்ள எறங்கிப் படுத்தாலே பாதி ரொம்பிடும்."

"எப்ப வருவீங்க?"

"மழை விடட்டும். ஈரத்துல வண்டி எறக்கினா வண்டியை எடுக்க இன்னொரு வண்டி வரணும்." கரையில் கிடந்த கொடியைக் காலால் தொடப் போனவர் காலை இழுத்துக்கொண்டார். "இது என்ன சார், குளத்துலேருந்து வீட்டுப் பக்கமா... யாருக்குப் பாய் விரிச்சிருக்கீங்க?"

"சும்மா. காயறதுக்கு."

"இருக்கட்டும் இருக்கட்டும்" என்று சிரித்தார். போகும்போது அதை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனார்.

தவளைகளோடு வாழ்ந்தவர்களுக்கு ஒன்று தெரியும். யாராவது கிட்டே வந்தால் தவளை வாயை மூடிக்கொள்ளும். ஆள் நகர்ந்து போன பிறகுதான் மறுபடி ஆரம்பிக்கும். மழை பெய்த சாயங்காலம் எங்கள் தோட்டத்தில் காது கிழியும். குளத்தில் ஒரு கூட்டம். குளத்திலிருந்து வீட்டுப் பக்கம் வரும் வாய்க்காலில் ஒரு கூட்டம். குளியலறைத் தண்ணீர் போய் விழும் குழியில் இரண்டு மூன்று. பின்வாசல் பூந்தொட்டிக்கு அடியில் ஒரே ஒரு கிழத்தவளை. கரகரவென்று அதற்கு ஒரு தனிக் குரல். அதற்கு என் மனைவி வாட்ச்மேன் என்று பெயர் வைத்திருந்தாள். "சம்பளம் கேட்காத ஆளு. மரியாதையா பேசுங்க."

அன்று மழை விட்டபோது ஆறே முக்கால் இருக்கும். சமையலறையில் நின்று தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். வெளியே சரியான கச்சேரி.

குளத்துத் தவளைகள் நின்றன.

ஒவ்வொன்றாக இல்லை. ஸ்விட்சை அணைத்த மாதிரி, எல்லாம் ஒன்றாக.

வாய்க்காலும் குழியும் வாட்ச்மேனும் கத்திக்கொண்டே இருந்தார்கள். குளம் மட்டும் ஊமை. யாரோ கரையில் நிற்கிறார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெளிச்சம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. கரை காலியாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் குளம் மறுபடி கத்த ஆரம்பித்தது. நானும் தட்டைக் கழுவி முடித்தேன்.

மறுநாள் அதே நேரம் குளம் நின்றது. அப்புறம் வாய்க்கால் நின்றது.

அதற்கு மறுநாள் குளம் நின்றது. வாய்க்கால் நின்றது. குளம் மறுபடி கத்த ஆரம்பித்தது... வாய்க்கால் ஆரம்பிக்கவில்லை. அங்கேயே நிற்கிறது என்று அர்த்தம். நான் குழாயை மூடிவிட்டுக் காதை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு நின்றேன். ரொம்ப நேரம் நின்றது. என்னைப் போலவே அதுவும் காதை வைத்துக்கொண்டு நிற்பது போல இருந்தது.

எனக்குப் பயமாக இல்லை. நம்புங்கள். சாயங்காலம் எப்போது வரும் என்று காத்திருக்க ஆரம்பித்தேன். லேபிளில் தப்பு விட்டேன். கம்பெனியிலிருந்து போன் செய்து கேட்டார்கள். அப்படி ஒரு போன் எனக்கு வந்ததே இல்லை.

ஒரு நாள் மௌனம் குளியலறைக் குழி வரை வந்தது. வெளிக்குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் கொஞ்சம் ஓடி நின்றது. பிறகு, தட்... தட்... என்று சுவரில் செருப்பைத் தட்டும் சத்தம். அவள் குளத்திலிருந்து வந்தால் அப்படித்தான். கால் கழுவுவாள். செருப்பு மண்ணைச் சுவரில் இரண்டு முறை தட்டுவாள். பெயின்ட் போகிறது என்று நான் எத்தனை முறை கத்தியிருக்கிறேன்.

அவளுடைய செருப்பு எதுவும் இந்த வீட்டில் இல்லை. சின்னவள் எல்லாவற்றையும் மூட்டை கட்டி எடுத்துப் போய்விட்டாள்.

அன்று ராத்திரி பொக்லைன்காரருக்குப் போன் செய்து வர வேண்டாம் என்றேன்.

"நல்லது சார். தவளை சாபம் எனக்கு வேணாம்" என்று சிரித்தார்.

பின்கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதையும் விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை சின்னவள் குட்டியை அழைத்துக்கொண்டு வந்தாள். குளம் மூடியாகிவிட்டது என்று நினைத்து வந்திருக்கிறாள். நானும் இல்லை என்று சொல்லியிருக்கவில்லை. காரை நிறுத்திவிட்டு நேராகத் தோட்டத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். முகம் சிவந்திருந்தது. குழந்தை முன்னால் எதுவும் பேசவில்லை. குட்டி என் மேல் ஏறி, என் மூக்கைப் பிடித்து, "அப்பா, உனக்குத் தாடி வந்திடுச்சு. நல்லா இல்ல" என்றாள். மூன்று மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. தோட்டத்துக்குப் போக முடியாமல் வீட்டுக்குள்ளேயே ஓடி ஓடி, விளக்கு வைக்கும் நேரத்தில் படுக்கையறையில் சுருண்டு தூங்கிவிட்டாள்.

சின்னவள் சமையலறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"என்ன மாமா இது?"

"மழை. வண்டி இறங்காது."

"பொய் சொல்லாதீங்க. உங்களுக்கு வராது."

"இப்போதைக்கு மூட முடியாது."

"ஏன்?"

எப்படிச் சொல்வது? கழுவின தட்டையே மறுபடி கழுவ எடுத்தேன்.

"குளம் வேணுமா, குட்டி வேணுமா? ஒண்ணு சொல்லுங்க. நான் பாட்டுக்குக் காலையில கிளம்பிடுறேன்."

"ரெண்டும்" என்றேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்ககிட்ட பேசுறதுக்குப் பதிலா சுவத்துக்கிட்ட பேசலாம். அதாச்சும் எதிரொலிக்கும்" என்று சொல்லிவிட்டுப் படுக்கையறைக்குப் போய்க் குட்டி பக்கத்தில் படுத்துக்கொண்டாள்.

மழை விட்டது. நன்றாக இருட்டிவிட்டது. நான் சமையலறையிலேயே நின்றேன்.

வெளியே தவளைகள் முழு மூச்சாகக் கத்திக்கொண்டிருந்தன.

குளம் நின்றது.

வாய்க்கால் நின்றது.

என்றைக்கும் இல்லாத வேகம். நடந்து வரவில்லை. ஓடி வந்தது.

குழி நின்றது.

வாட்ச்மேன் மட்டும். கர்ர்... கர்ர்... கர்ர்...

கர்ர்...

வாட்ச்மேனும் நின்றான்.

அவன் அதுவரை ஒரு நாளும் நின்றதில்லை.

குழாய் திறந்தது. தண்ணீர் ஓடியது. மூடியது.

தட்... தட்...

"குட்டி தூங்கிட்டாளா?"

அவள் குரல். அசல் அவள் குரல். ராத்திரி குளத்திலிருந்து வரும்போது, குழந்தை எழுந்துவிடக் கூடாதே என்று குரலை அடக்கிக் கேட்பாளே, அதே மாதிரி.

பின்கதவைத் திறந்தேன்.

சமையலறை வெளிச்சம் படி வரை விழுந்தது. படி மேல் பாசிக்கொடி விரித்திருந்தது. பச்சையாக, சொட்டச் சொட்ட. வேர்கள் என் கால் பக்கம். அதற்கு அப்பால் இருட்டு. யாரும் இல்லை. குளத்தின் அடிமண்ணைக் கிளறினால் வரும் வாடை மட்டும்.

"தூங்கிட்டா" என்றேன்.

என் குரல் நடுங்கவில்லை. அதுதான் இப்போது நினைத்தால் நடுங்குகிறது.

"எழுப்ப வேணாம்."

இருட்டிலிருந்து வந்தது. கீழேயிருந்து. என் முட்டி உயரத்திலிருந்து. என் மனைவி என்னைவிட அரை அங்குலம் உயரம்.

"அப்படியே தூக்கிட்டு வாங்க."

சரி என்றேன்.

திரும்பினேன். படுக்கையறைக்கு நடந்தேன். ஒரு யோசனையும் இல்லை. அம்மா கேட்கிறாள், அவ்வளவுதான். குட்டியின் கழுத்துக்கு அடியில் ஒரு கை, முட்டிக்கு அடியில் ஒரு கை. தூக்கினேன். தலை என் தோளில் சாய்ந்தது. கூடத்துக்கு வந்துவிட்டேன்.

"மாமா?"

நிற்கவில்லை.

"மாமா! எங்க தூக்கிட்டுப் போறீங்க?"

"அவ கேட்கிறா."

"யாரு?"

"உங்க அக்கா."

சின்னவள் என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் என்னைத் தாண்டி, திறந்திருந்த பின்கதவைப் பார்த்தாள்.

ஓடினாள்.

என்னிடம் இல்லை. கதவிடம்.

அறைந்து சாத்தினாள். மேல் தாழ்ப்பாள். கீழ்த் தாழ்ப்பாள். முதுகைக் கதவில் கொடுத்து நின்றாள். நான் குழந்தையோடு நடுக் கூடத்தில்.

ஒரு சத்தமும் இல்லை.

பிறகு...

குழாய் திறந்தது. தண்ணீர். மூடியது.

தட்... தட்...

"குட்டி தூங்கிட்டாளா?"

அதே குரல். அதே இழுப்பு. இப்போதுதான் முதல் முறை கேட்பது மாதிரி.

சின்னவள் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவளுக்கும் கேட்டது.

"எழுப்ப வேணாம்."

கதவின் கீழ்ப் பக்கம் ஏதோ உரசியது. ஈரத் துணியால் துடைப்பது போல. மெதுவாக. ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரம் வரை.

"அப்படியே..."

முடிக்கவில்லை.

எங்களைக் கவனிக்கிறது என்று தெரிந்தது.

குட்டியை நழுவ விட்டுவிடுவேனோ என்று தரையில் உட்கார்ந்தேன். சின்னவள் கதவிலிருந்து ஊர்ந்து வந்து என் கையிலிருந்து குழந்தையைப் பிடுங்கிக்கொண்டாள். அவள் பல் கிட்டிப் போயிருந்தது. நான் எழுந்திருக்கப் பார்த்தேன். என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

எவ்வளவு நேரமோ தெரியாது.

கர்ர்...

வாட்ச்மேன்.

கர்ர்... கர்ர்...

அப்புறம் குழி. கொஞ்சம் பொறுத்து வாய்க்கால். ரொம்ப நேரம் பொறுத்துக் குளம்.

போய்விட்டது.

முன்வாசல் வழியாக ஓடினோம். விளக்கை அணைக்கவில்லை. வீட்டைப் பூட்டினேனா என்றுகூட நினைவில்லை. சின்னவள்தான் ஓட்டினாள். கார் திரும்பும்போது வெளிச்சம் குளத்தின் மேல் ஒரு வீச்சு போய் வந்தது. கரையில் ஒன்றும் இல்லை. குட்டி நடுவில் ஒரு முறை கண் விழித்து, "வந்துட்டோமா?" என்று கேட்டுவிட்டுத் தூங்கிவிட்டாள்.



காலையில் சின்னவளின் சமையலறையில் உட்கார்ந்திருந்தோம். வெயில் நன்றாக அடித்தது. கீழே தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள். டீ ஆறிவிட்டது. குட்டி உள்ளே டிவி பார்த்துக்கொண்டு தானாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அவ குரல்தானே?" என்று கேட்டேன்.

"குரல் அவளோடதுதான்."

"அப்ப ஏன் கதவைச் சாத்தின?"

சின்னவள் டம்ளரைச் சுழற்றிக்கொண்டே இருந்தாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லலை மாமா. சொல்லக் கூடாதுன்னு இல்ல. அக்கா காய்ச்சல்ல பிதற்றுறான்னு நர்ஸ் சொன்னாங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். அதைப் போய் உங்ககிட்ட சொல்லி, நீங்க அதையே நினைச்சிக்கிட்டு உட்கார்ந்திருப்பீங்கன்னு... எனக்கே மறந்துகூடப் போச்சு. நேத்து நீங்க குட்டியைத் தூக்கிட்டு நின்னீங்க பாருங்க, அப்பதான்..."

அவள் போன அன்று ஆஸ்பத்திரியில் நான் போன் சார்ஜர் எடுத்து வரக் கீழே காருக்குப் போயிருந்தேன். என்னிடம் அவள் பேசியது அந்தச் சார்ஜரைப் பற்றித்தான். அதுதான் கடைசி என்று இத்தனை மாதம் நினைத்திருந்தேன். லிஃப்ட் வரத் தாமதமானது. நான் மேலே வந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள்.

நடுவில் அவள் கண் விழித்திருக்கிறாள். காய்ச்சலில் பேசுகிறவளின் கண் மாதிரி இல்லை, தெளிவாக இருந்தது என்று சின்னவள் சொன்னாள். எழுந்து உட்காரப் பார்த்திருக்கிறாள். தங்கையின் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்திருக்கிறாள். அந்தத் தழும்பைச் சின்னவள் எனக்குக் காட்டினாள்.

அந்த வீட்டுக்கு நான் திரும்பப் போகவில்லை. குட்டி இங்கேதான் பள்ளிக்கூடம் போகிறாள். இரண்டு தெரு தள்ளி, மாடியில், தோட்டமில்லாத ஒரு வீட்டில் இருக்கிறோம். மழை நாளில் கீழே சாக்கடைப் பக்கம் ஒரு தவளை கத்தும். அது கத்திக்கொண்டிருக்கும் வரைதான் நான் தூங்குவேன்.

என் மனைவி கடைசியாகச் சொன்னது இதுதான். சின்னவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"வெளியில வந்து நின்னு குட்டியைக் கேட்டா, அது நானில்லைன்னு மாமாகிட்ட சொல்லிடுடி. அவரு தூக்கிக் கொடுத்துடுவாரு."